குறைமாதக் குழந்தை என்.ஐ.சி.யு.வில் இருக்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1,080 கிராம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 54 நாள் இருந்தாள். எல்லோரும் அதை என்.ஐ.சி.யு. என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் வீடு திரும்பிச் சில மாதங்களில், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தைக்கான முடிவுகளை அதைப் பார்க்கிற டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் "29 ப்ளஸ் 3" என்கிறார். அப்படியென்றால்?

29 வாரமும் 3 நாளும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32 வாரம் தாண்டிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் உடல்சூடு, பால் குடிப்பது, மஞ்சள் காமாலை ஆகிய மூன்றில்தான் உதவி தேவைப்படும். 28-லிருந்து 32-க்குள் என்றால் மூச்சுக்கும் உதவி தேவைப்படலாம். 28-க்கும் கீழே என்றால் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துப் பார்த்துக் கவனிக்க வேண்டியிருக்கும். சொந்தக்காரர்கள் எடையைத்தான் முதலில் கேட்பார்கள். டாக்டர்கள் வாரத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஒரே எடையில் இரண்டு குழந்தைகள் இருந்தாலும், கூடுதல் வாரம் கருவில் இருந்த குழந்தையின் நுரையீரல் பொதுவாக அதிகம் முதிர்ந்திருக்கும்.

2020-ல் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஏறக்குறைய பத்தில் ஒன்று. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். உங்களுக்கு மட்டும் நடந்ததுபோல அந்த வராந்தாவில் தோன்றும் என்பதால்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேனா?

எல்லா அம்மாவும் இதைக் கேட்கிறார்கள். நேராகக் கேட்காவிட்டாலும் "பஸ்ஸில் போனேன்", "மாடி ஏறினேன்", "பப்பாளி ஒரு துண்டு தின்றேன்" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நானும் ஒரு வாரம் முழுக்க, பிரசவத்துக்கு முந்தைய நாள் தூக்கிய தண்ணீர்க் குடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொதுவான காரணங்கள் வேறு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, குழந்தையை வெளியே எடுத்தால்தான் இருவரும் பிழைப்பார்கள் என்ற நிலை வரும். பனிக்குடம் முன்னாலேயே உடையும். கருப்பையிலோ சிறுநீரிலோ தொற்று இருக்கும். இரட்டைக் குழந்தைகள் இருக்கும். கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிடும். பல பேருக்குக் கடைசிவரை காரணமே தெரியாது. எனக்கு ரத்த அழுத்தம்தான் காரணம். டாக்டர் அதை எடுத்துச் சொன்னபோது தலையாட்டினேன். ஆனால் குடத்தை விட்டுவிட மனசுக்கு ஒரு மாதம் ஆனது. உங்களுக்கும் அப்படி ஆகலாம். அடுத்த பிரசவத்துக்கு முன் இந்தக் காரணத்தை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அது மிகவும் உதவும்.

வீட்டில் யாராவது "உன்னால்தான்" என்று சொன்னால், கணவர்தான் அதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பிரசவமான பெண் தன் பக்க நியாயத்தைத் தானே பேசிக்கொண்டிருக்கும்படி விடக்கூடாது.

முதல் தடவை உள்ளே போகும்போது எப்படி இருக்கும்?

செருப்பை வெளியே விட்டு, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி, முழங்கைவரை கை கழுவச் சொல்வார்கள். உள்ளே வெளிச்சம் குறைவாக இருக்கலாம். குழந்தையின் தோல் மெல்லியதாக, சிவந்து, நரம்பு தெரியும்படி இருக்கும். தோளிலும் முதுகிலும் பூனைமுடி இருக்கும். கன்னத்தில் சதை இருக்காது, ஏனென்றால் கொழுப்பு சேர்வது கடைசி வாரங்களில்தான். பார்த்ததும் பயப்படுவது இயல்பு. எனக்குத் தலை சுற்றியது, ஒரு சிஸ்டர்தான் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

காலில் சிவப்பாக எரியும் சின்னப் பட்டை ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறது. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு அது 90-க்கும் 95-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வார்கள். நமக்கு 100 என்றால் நல்லது என்று தோன்றும். ஆனால் அதிக ஆக்சிஜன் இந்தக் குழந்தைகளின் கண்ணுக்குக் கெடுதல். மார்பில் ஒட்டிய ஒயர்கள் இதயத்துடிப்புக்கு. வாய் வழியாகப் போகும் மெல்லிய குழாய் பாலுக்கு. அலாரம் அடிக்கடி அடிக்கும். பல நேரம் பட்டை நழுவியிருக்கும், அவ்வளவுதான். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குழந்தையின் நிறத்தையும் மார்பு ஏறி இறங்குவதையும் பாருங்கள், சிஸ்டர்களும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

சர்ஃபாக்டன்ட், சிபாப், வென்டிலேட்டர் என்கிறார்களே?

நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்பு நுரை போன்ற ஒரு பொருள் சுரக்கும். அதுதான் சர்ஃபாக்டன்ட். குறைமாதத்தில் அது போதுமான அளவு இருக்காது. அதனால் மூச்சுக்குழாய் வழியாக மருந்தாகக் கொடுப்பார்கள். சிபாப் என்பது மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுப்பது. குழந்தை தானேதான் மூச்சு விடும், அந்தக் காற்றழுத்தம் நுரையீரல் சுருங்காமல் தாங்கிக்கொள்ளும். வென்டிலேட்டர் குழந்தைக்குப் பதிலாகத் தானே மூச்சு கொடுக்கும். வென்டிலேட்டரிலிருந்து சிபாப், அதிலிருந்து வெறும் ஆக்சிஜன் என்று இறங்கி வருவது முன்னேற்றம். நடுவில் ஒருமுறை மறுபடி ஏறினால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். என் மகள் இரண்டு தடவை ஏறி இறங்கினாள்.

பிரசவத்துக்கு முன் உங்களுக்கு இடுப்பில் ஊசி போட்டிருந்தால் அது குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டாக இருக்கலாம். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் செம்மறி ஆடுகளுக்குப் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பட்ட குறைமாதக் குட்டி எதிர்பாராமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அவரும் ஹௌவி என்ற குழந்தை மருத்துவரும் 1972-ல் பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். இன்று உங்கள் குழந்தை மூச்சு விடுவதில் அந்த ஆட்டுக்குட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

குழந்தையைத் தொடலாமா? தூக்கலாமா?

தொடலாம். இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். நீங்கள் அங்கே பார்வை நேரத்துக்கு வந்துபோகும் ஆள் கிடையாது, சிகிச்சையில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாட்களில் தடவிக் கொடுக்க வேண்டாம், அந்தத் தோலுக்கு அது தாங்காது. ஒரு கை தலையில், ஒரு கை காலடியில் என்று அசையாமல் பொத்தி வைத்தாலே குழந்தை அமைதியாகும்.

அப்புறம் கங்காரு பராமரிப்பு. குழந்தைக்கு டயாபரும் குல்லாவும் சாக்ஸும் மட்டும் போட்டு, உங்கள் வெறும் மார்பில் தவளைபோலக் கால் மடக்கி நிமிர்த்தி வைத்து, துணியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். கழுத்து மடங்காமல் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி இருக்க வேண்டும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது. ஏழைகளுக்கான மாற்று வழி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நம் நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் அது நடந்தது. குழந்தையின் நிலை சீரடையும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு தொடங்கியபோது, முதல் 28 நாளில் இறப்பு கால்பங்கு குறைந்தது. 2021-ல் முடிவு வெளிவந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், முடிந்தவரை உடனே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொன்னது.

8 மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். அம்மா, அப்பா, பாட்டி என்று மாறி மாறிச் செய்யலாம். ஆனால் ஒரு தடவை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள், அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தைக்குக் களைப்பு. என் கணவர் முதல் நாள் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டார். குழந்தையைப் போட்டதும் அரை மணி நேரம் பேசவே இல்லை. மறுநாள் அவரே முன்னால் போய்க் கை கழுவிக்கொண்டு நின்றார்.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள் என்றால், "கங்காரு எப்போது தொடங்கலாம்?" என்று டாக்டரிடம் தினமும் மரியாதையாகக் கேளுங்கள். அரசு பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் பெற்றோரையும் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2017-லேயே வந்துவிட்டது.

பால் வரவில்லை. என்ன செய்வது?

குழந்தை உறிஞ்சாதபோது பால் தானாகப் பெருகாது, பீய்ச்சி எடுத்தால்தான் ஊறும். பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டு தடவையாவது. அதில் ராத்திரி ஒரு தடவை கட்டாயம். முதல் இரண்டு நாள் கையால் எடுப்பதுதான் எளிது, சிஸ்டரைக் காட்டித் தரச் சொல்லுங்கள். நாலைந்து சொட்டு மஞ்சளாக வரும். அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். அந்தச் சீம்பாலைக் குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவுவார்கள்.

எங்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லியில் தொடங்கினார்கள். ஒரு மில்லி! நான் அழுதேன், சிஸ்டர் சிரித்துக்கொண்டே "வயிறே அவ்வளவுதான்மா" என்றார். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. அது வராமல் காப்பதில் தாய்ப்பாலுக்கு இணை கிடையாது. உங்கள் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது நாட்டின் முதல் வங்கி. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுப்பவரின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் தருகிறார்கள்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரி, குழந்தை வேறு ஆஸ்பத்திரி என்று இருந்தால் ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். பாத்திரம், நேரம், தேதி எழுதுவது பற்றி அந்த வார்டின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்தால் உங்களுக்குத்தான் சோர்வு. பசிக்கிற அளவு சாப்பிடுங்கள்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒருங்கே செய்யக் குழந்தைக்கு 34 வாரம்போல ஆக வேண்டும். அதற்கு முன் குழாய், பிறகு பாலாடை, அதன் பிறகு மார்பு.

வீட்டுப் பெரியவர்கள் "ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது" என்கிறார்கள்.

தவறு. கருவில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம். எங்கள் அத்தையும் இதைத்தான் நம்பியிருந்தார். ஒரு நாள் அவரையே கங்காருவுக்கு உட்கார வைத்தோம். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பெரியவர்களோடு வாதம் செய்வதைவிட ஒரு வேலை கொடுப்பது நல்லது.

ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது: சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொடுவது, உரை மருந்து, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை. அந்த நுரையீரலும் குடலும் இவற்றைத் தாங்காது.

நேற்று நன்றாக இருந்தாள். இன்று மோசம் என்கிறார்களே?

இது நடக்கும். முதல் வாரத்தில் எடை பத்து சதவீதத்துக்கும் மேல்கூடக் குறையலாம், பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம்போல ஆகும். மூச்சை 20 நொடி நிறுத்திவிடும் குழந்தைகள் உண்டு. உள்ளங்காலைத் தட்டினால் மறுபடி விடும். இதற்குக் காஃபின் மருந்து கொடுப்பார்கள், நம் காபியில் இருக்கும் அதே பொருள். தொற்று வந்தால் குழந்தை சோர்ந்துபோகும், வயிறு உப்பும், பாலை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் "இன்று என்ன மாறியிருக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள், நான் எதைக் கவனிக்க வேண்டும்?" என்ற மூன்றை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நோட்டு வைத்து எழுதிக்கொள்ளுங்கள். "பிழைக்குமா?" என்று தினமும் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, நீங்களும் அவர் முகத்தையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

செலவைச் சமாளிக்க முடியவில்லை.

வெட்கப்படாமல் முதல் வாரத்திலேயே பேசுங்கள். தனியாரில் இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை பில்லைக் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கு அது செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப்பிரிவுகள் இருக்கின்றன, சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. மாற்றுவதாக இருந்தால், போகும் இடத்தில் படுக்கை இருக்கிறதா என்று டாக்டர் மூலம் உறுதி செய்து, இன்குபேட்டர் உள்ள ஆம்புலன்சில் மட்டும் மாற்றுங்கள். 108-ல் அப்படிப்பட்ட வண்டிகள் உண்டு. பணம் தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு முன் மாற்றுவதைப் பற்றிக் கேளுங்கள்.

எனக்கு அழுகையே வரவில்லை. குழந்தை மேல் பாசமும் வரவில்லை. நான் அம்மாவா?

அம்மாதான். நிறைய பேருக்கு இப்படி இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள். இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் மனம் ஒதுங்கி நிற்கும். எனக்கு 19-ஆம் நாள்தான் அவள் என் மகள் என்று பட்டது, என் விரலைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அப்பாக்களுக்கும் இது வருகிறது. பணம் புரட்டி, பால் கொண்டுபோய், எல்லோருக்கும் போனில் பதில் சொல்லி, மருந்துக் கடையில் நிற்கிற ஆளை யாரும் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள். கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெயர் வைத்துக் கூப்பிடுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவளைப் பார்க்க விடாமல் "தாங்கமாட்டாள்" என்று வீட்டார் முடிவெடுப்பது வழக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் அம்மாவுக்கு அப்படி நடந்தது. முகத்தைப் பார்க்காதது அவருக்கு இன்றும் ஆறவில்லை. பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அதை எப்படி நிறுத்துவது என்று சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். அந்த வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கண் பரிசோதனை எதற்கு?

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்திருந்தால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே. டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் அடுத்த தேதியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் தள்ளினாலும் லேசர் சிகிச்சை செய்யும் காலம் தவறிவிடலாம். தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். காது கேட்கும் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு எப்போது?

வார்மர் இல்லாமல் உடம்பு சூடாக இருக்க வேண்டும், வாயால் பால் குடிக்க வேண்டும், சில நாட்கள் தொடர்ந்து எடை ஏற வேண்டும், மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். பல இடங்களில் 1.6 கிலோவிலிருந்து 1.8 கிலோபோல வந்ததும் விடுகிறார்கள். கடைசி இரண்டு நாள் அம்மாவே எல்லாம் செய்து பழகும்படி கூடவே தங்க வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் கங்காரு தொடரட்டும், இரும்புச்சத்துச் சொட்டும் வைட்டமின் டி சொட்டும் டாக்டர் சொன்ன அளவில். பார்க்க வருகிறவர்களைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள். பால் குடிக்க மறுத்தால், கை கால் சில்லென்று ஆனால், விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்கினால், உதடு நீலமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வயதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

தடுப்பூசிக்குப் பிறந்த தேதி. தலை நிற்பது, குப்புற விழுவது, நடப்பது போன்ற வளர்ச்சிக்கெல்லாம் இரண்டு வயதுவரை, பிரசவ நாளாகக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எங்கள் மகள் 11 வாரம் முன்னால் வந்தவள். 15 மாதத்தில்தான் நடந்தாள். பக்கத்து வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கழித்துப் பார்த்தால் பன்னிரண்டரை மாதம். வளர்ச்சியில் ஏதாவது பின்தங்குவதாகத் தோன்றினால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள், பயிற்சி இலவசம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை எடுத்துப் போங்கள், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.